தட்டுச் சத்தம்

ஹெம்டால் ஊருக்கு ஆம்புலன்ஸ் ஒன்றே ஒன்று. அது ஊரில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத வீடு அங்கே கிடையாது. வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜின் மேல், ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு ஸ்கேனர் உட்கார்ந்திருக்கும். தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் ரேடியோவில் பேசுவதெல்லாம் அதில் கரகரவென்று கேட்கும். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காத மனிதர்கள் என்று அக்கம்பக்கத்தில் பெயரெடுத்த ஊர் அது. காதை நுழைக்கக் கூடாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அந்த அக்டோபர் மதியம் ஆம்புலன்ஸ் ஊரில் இல்லை. இடுப்பெலும்பு முறிந்த ஒரு அம்மாளை ஃபார்கோ நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தது. ஆஸ்பத்திரி ஹெம்டாலிலிருந்து ஒரு மணி நேரம். அந்த அம்மாளை இறக்கிவிட்டு, பாதி வழி திரும்பி வந்து, நெடுஞ்சாலையோரத்து லாரி ஸ்டாப் உணவகத்தில் ரோண்டா ஹாகன் உட்கார்ந்திருந்தாள். தீயணைப்பு வீராங்கனை, அதோடு ஆம்புலன்ஸில் அவசரச் சிகிச்சை தருகிற பாராமெடிக். எதிரே வண்டியோட்டும் மார்வின். காலையிலிருந்து ஃபார்கோவுக்கு இது இரண்டாவது நடை. வயிற்றில் காபியைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. ரொட்டிமேல் மாட்டிறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் வைத்து, அதன் தலையில் குழம்பை ஊற்றி, ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தாள் பரிமாறுகிறவள்.

ரேடியோவைப் பொறுத்தவரை அவர்கள் இன்னும் ஆஸ்பத்திரி வாசலில்தான் இருந்தார்கள்.

அது நிலையத்தின் எழுதாத சட்டம். 'காலியாகிவிட்டோம்' என்று ரேடியோவில் சொன்ன மறு நொடியே அடுத்த வேலை தலையில் வந்து விழும். அறுவடைக் காலத்தில் கேட்கவே வேண்டாம். ஆகவே சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் காலியாவதில்லை. உயிர் போகிற அவசரம் என்றால் கட்டுப்பாட்டு அறை எப்படியும் கூப்பிடும், தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள். அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று ரோண்டாவும் நினைத்திருந்தாள், அவளுக்கு முன்னால் வேலை பார்த்தவர்களும் நினைத்திருந்தார்கள்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். கைபேசி அடித்தது. அப்பா.

"என்னம்மா, வேலையா இருக்கியா?"

"வேலைதான்பா. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. எங்க இருக்கன்னு கேக்கலாம்னு."

ரோண்டா மார்வினைப் பார்த்தாள். அவன் முள்கரண்டியைத் தூக்கியபடி புருவத்தை உயர்த்தினான். ஆர்லன் ஹாகன் சும்மா அப்பா மட்டுமல்ல. ஹெம்டால் தீயணைப்புத் தொண்டர்படைக்கு இருபத்திரண்டு வருஷம் தலைவராக இருந்தவர். ரேடியோவில் ஒன்று சொல்லிவிட்டு வேறிடத்தில் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சட்டப் புத்தகத்தைப் பிரித்துவிடுவார்.

"ஆஸ்பத்திரியிலதான்பா. எழுத்து வேலை இன்னும் முடியல."

பக்கத்து மேஜையில் பரிமாறுகிறவள் எச்சில் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"அப்ப இன்னும் நேரமாகும்," என்றார் அப்பா.

"ஊர் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஏம்பா?"

"சும்மாதான். பீட்ரூட் லாரிக்காரனுங்க ரோட்டையெல்லாம் சேறாக்கி வச்சிருக்கானுங்க. பாத்து வாங்க. அவசரமில்ல."

வைத்துவிட்டார். ரோண்டா கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். பசி.

"என்னவாம் தலைவருக்கு?" என்றான் மார்வின்.

"எங்க இருக்கேன்னு கேட்டார்."

"அதுக்கு எதுக்கு போனு? மனுஷன் ஸ்கேனரோடதானே குடும்பம் நடத்துறார்."

சிரித்தார்கள். தட்டைக் காலி செய்தார்கள். மார்வின் ஆப்பிள் பை என்கிற இனிப்புப் பலகாரம் ஒரு துண்டு கொண்டுவரச் சொன்னான். ரோண்டா ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். மேகம் வயல்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. வயல்களிலிருந்து சர்க்கரை பீட்ரூட்டை அள்ளி நிரப்பிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் மார்வின் சொன்ன வேடிக்கை அவளுக்குள் வேறு மாதிரி உறைத்தது.

அப்பா அவள் வேலையில் இருக்கும்போது போன் செய்யமாட்டார். அது அவருடைய கொள்கை. அவள் வேலைக்குச் சேர்ந்த ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை செய்திருக்கிறார். 'அம்மாவுக்கு கொஞ்சம் சரியில்ல. முடிஞ்சா வா. அவசரமில்ல' என்றார். அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மா இறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. இறந்த பிறகுதான் அவர் போனையே எடுத்திருந்தார். மகள் பதறிக்கொண்டு வண்டியோட்டக் கூடாதாம்.

ரோண்டா கைபேசியை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் ஓய்ந்தது. அப்பா வீட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டிய பழைய போன் அது. மேஜையிலிருந்து எட்டினால் எடுத்துவிடலாம்.

"மார்வின், எழுந்திரு."

மார்வின் பணத்தைத் தட்டுக்கு அடியில் செருகிவிட்டு, வாயில் ஆப்பிள் பையோடு பின்னால் ஓடிவந்தான்.

வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. ரோண்டா ரேடியோ மைக்கைக் கையில் எடுத்தாள். அழுத்தவில்லை.

"என்னன்னு சொல்லிக் கூப்பிடுறது? எங்கப்பா அவசரமில்லன்னு சொன்னார், அதனால அவசரம்னா?"

"ஹெம்டால்ல அதுக்கு அதுதானே அர்த்தம்," என்றான் மார்வின்.

உண்மைதான். நார்வேயிலிருந்து வந்து குடியேறிய அவர்களுடைய முன்னோர்கள் கொண்டுவந்தது இரண்டே இரண்டு: உருளைக்கிழங்கு ரொட்டி சுடும் தட்டையான கல், அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்காத குணம். கல் பல வீடுகளில் உடைந்துவிட்டது. குணம் அப்படியே இருக்கிறது. பாராமெடிக்குகள் நோயாளியிடம் 'வலி பத்துக்கு எத்தனை?' என்று கேட்பது வழக்கம். மற்ற ஊர்களில் முள் குத்தினால் ஒன்பது என்பார்கள். ஹெம்டாலில் கதிரறுக்கும் இயந்திரத்தில் விரலைக் கொடுத்துவிட்டு வந்தவன் 'ஒரு மூணு இருக்கும்' என்றான். விரல் எங்கே என்று கேட்டதற்குச் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். நிலையத்தில் இதற்கென்றே ஒரு கணக்கு உண்டு. அவர்கள் சொல்வதோடு ஆறைக் கூட்டிக்கொள்.

இந்தக் குணத்துக்கு ஆர்லன் வேறு தூபம் போட்டிருந்தார். முன்பு ஆம்புலன்ஸை ஓட்டிய தொண்டர்கள் வயதாகி ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டபோது, தீயணைப்பு வீரர்களையே பாராமெடிக் படிப்புக்கு அனுப்பலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. நெருப்பணைக்கச் சேர்ந்தவன் எதற்கு நாடி பிடிக்க வேண்டும் என்று பாதி ஊர் முணுமுணுத்தது. ஆர்லன் எழுந்து நின்றார். 'நான் குழாய் பிடிச்ச காலத்துல எரிஞ்ச வீட்டைக் கைவிரல்ல எண்ணிடலாம். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவங்களை எண்ண முடியாது. அவங்க வீட்டு வாசல்ல குழாயை வச்சுக்கிட்டு நான் என்னத்தைப் பண்ணினேன்?' என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். தீர்மானம் நிறைவேறியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஞாயிறு காபி குடிக்கும்போது, 'வண்டி ஒண்ணுதான். அது ஃபார்கோ போயிருந்தா சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் தீயணைப்பு வண்டியையும் கூப்பிட்டு ஊரை வெறுமையாக்காதீங்க. திரும்பிட்டோம்னு ரேடியோல சொல்லுவாங்க, அதுவரைக்கும் பொறுத்துக்கங்க' என்றும் சொல்லிவைத்தார். ஆடுகிற காலுக்குச் சலங்கை கட்டிவிட்ட கதைதான். அதற்குப் பிறகு ஹெம்டாலில் ஜனங்கள் ஸ்கேனரைக் கேட்டுவிட்டுத்தான் நோயாளியானார்கள்.

அந்தப் பேச்சுக்கு முதலில் கட்டுப்படுகிறவர் அவராகத்தான் இருப்பார். ரோண்டாவுக்குத் தெரியும். மைக்கை அழுத்தினாள்.

"கட்டுப்பாட்டு அறை, ஹெம்டால் ஆம்புலன்ஸ்."

"சொல்லுங்க ஹெம்டால்." ஷெரிலின் குரல். "ஃபார்கோவிலேருந்து காலியாயிட்டீங்களா?"

"ஃபார்கோல இல்ல. நெடுஞ்சாலை லாரி ஸ்டாப்லேருந்து கிளம்பியிருக்கோம். சாப்பிட நின்னோம்."

ஹெம்டாலின் ஃப்ரிட்ஜுகள் அத்தனையும் அதைக் கேட்டன. ரோண்டாவுக்கு முகம் சுட்டது. பரவாயில்லை, சுடட்டும்.

"தீயணைப்பு வண்டியை எண்பத்திரண்டாவது சாலை, கடைசி வீட்டுக்கு அனுப்புங்க. வயசான ஆண். நெஞ்சுவலியா இருக்கலாம்."

ரேடியோவில் நோயாளியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது சட்டம். வீட்டைச் சொன்னாலே அந்த வீட்டு நாயின் பெயர் வரைக்கும் ஊருக்குத் தெரியும்.

"நோயாளி கூப்பிட்டாரா?" என்றாள் ஷெரில்.

"இல்ல. நான் கூப்பிடுறேன்."

ஷெரில் தீயணைப்பு வண்டியை அனுப்பினாள். பக்கத்து ஊர் ஆம்புலன்ஸ் கவிழ்ந்த பீட்ரூட் லாரி ஒன்றில் சிக்கியவனோடு போராடிக்கொண்டிருப்பதையும், மேகம் இவ்வளவு தாழ இருப்பதால் ஹெலிகாப்டர் எழும்பாது என்பதையும், கேட்காமலே சொல்லிவிட்டாள். ஆக, ஊரில் மிச்சமிருந்தது தீயணைப்பு வண்டியும், அதில் டஸ்டின் என்கிற ஒரே ஒரு பாராமெடிக்கும். கோடையில்தான் தேர்வு எழுதித் தேறியவன். தனியாக ஒரு மாரடைப்பை அவன் இதுவரை பார்த்ததில்லை.

மார்வின் நெடுஞ்சாலையைவிட்டு மாவட்டச் சாலைக்குள் திருப்பினான். லாரிகள் உதறிவிட்டுப் போன களிமண் சாலையெங்கும் பூசிக் கிடந்தது. மழைத்தூறல் பட்டு அது சோப்பாகியிருந்தது. வண்டியின் பின்புறம் ஒருமுறை வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தது.

"மெதுவா," என்றாள் ரோண்டா.

"மெதுவாதான் போறேன்," என்றான் மார்வின். போகவில்லை.

ரேடியோ கரகரத்தது. "வீட்டு வாசல்ல இருக்கோம்," என்றான் டஸ்டின். பிறகு பேச்சில்லை. ஒரு பீட்ரூட் வயல் போயிற்று. ஒரு காற்றுத் தடுப்பு மரவரிசை போயிற்று. தான் நினைத்தது தப்பாக இருக்க வேண்டும் என்று ரோண்டா வேண்டிக்கொண்டாள். அப்பா கொட்டகையில் டிராக்டருக்கு அடியில் படுத்திருக்க வேண்டும். டஸ்டினைப் பார்த்து 'எவன்டா உன்னை வரச்சொன்னது?' என்று திட்ட வேண்டும். ஊர் முழுக்க அவளைப் பார்த்து ஒரு மாசம் சிரிக்க வேண்டும்.

"நோயாளி சமையலறை மேஜையில உக்காந்திருக்கார்." டஸ்டினின் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "முழிப்பாத்தான் இருக்கார். பேசுறார். மேல்கோட்டு, தொப்பி, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். காலடியில துணிமணிப் பை இருக்கு."

ரோண்டா கண்ணை மூடித் திறந்தாள். தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறார். வண்டி ஊருக்குத் திரும்பிவிட்டது என்று ஸ்கேனர் சொன்னால் எழுந்து வரத் தயாராக.

"வலி எத்தனைங்கிறார்?" என்று கேட்டாள்.

"ரெண்டுங்கிறார்."

"எட்டு," என்றான் மார்வின், சாலையைப் பார்த்தபடி.

"சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சிருக்கு," என்றான் டஸ்டின். "இசிஜி போடுறேன். இருங்க."

அந்த 'இருங்க' நீண்டது. பிறகு அவன் பேசியபோது குரல் தாழ்ந்துவிட்டது. "ரோண்டா. இதயத்தோட முன்பக்கம் முழுக்க. பெரிய அடைப்பு. ஆஸ்பிரின் மெல்லக் குடுத்துட்டேன். ஃபார்கோவுக்குப் படம் அனுப்பிட்டேன். எப்ப வருவீங்க?"

கணக்கு அவள் தலைக்குள் தானாக ஓடியது. வீட்டுக்குப் போக இன்னும் கால் மணி. ஏற்றிக்கொண்டு, இதே வழுக்குச் சாலையில் திரும்பி, ஃபார்கோவுக்கு ஒரு மணி. இதயம் அதுவரை பொறுக்குமா? அவர் பொறுப்பார், இதயம் அவர் மாதிரியா? லாரி ஸ்டாப்பில் இருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் இருபத்தைந்து நிமிஷ தூரம்தானே என்று அவர் அப்போதே கூப்பிட்டிருப்பார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று அவள்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை வழித்துத் தின்றாள். பாவி.

மார்வின் ஒரு கையை நீட்டி மைக்கை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

"டஸ்டின், மார்வின் பேசுறேன். அவரை உங்க வண்டியில ஏத்திக்கிட்டு எங்களைப் பாத்து வா. பீட்ரூட் குவிக்கிற மைதானத்துல சந்திப்போம்."

"எங்க வண்டியில படுக்கை கிடையாது. நோயாளியை ஏத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"இருக்கு. நான்தான் சொன்னேன்னு எழுதிக்க."

"வழியில இதயம் நின்னுட்டா? கீழ கிடத்தக்கூட இடமில்ல இதுல."

மார்வின் ரோண்டாவைப் பார்த்தான். அதுதான் கேள்வி. தீயணைப்பு வண்டியின் பின்னிருக்கை நிமிர்ந்த இருக்கை. அதில் பெல்ட்டோடு கட்டிய மனிதனுக்கு நெஞ்சை அழுத்த முடியாது. வீட்டிலேயே இருந்தால் தரை இருக்கிறது. நேரம் இல்லை. அந்த வண்டியில் நேரம் மிஞ்சும். தரை இல்லை. அவள் மகளாக யோசிக்கப் பார்த்தாள், அது பயத்தைத் தவிர ஒன்றையும் தரவில்லை. பாராமெடிக்காக யோசித்தாள். தலையாட்டினாள்.

"ஏத்து," என்றான் மார்வின் ரேடியோவில்.

பின்னணியில் இன்னொரு குரல் கேட்டது. கரகரப்பிலும் தெரிந்த குரல். "நானே நடப்பேன், விடுங்கடா. தேவாலயத்துப் பலகையை இடிச்ச பய நீதானே? நீயா வண்டியோட்டப் போற?"

"இல்லீங்க. நான் பின்னாடி உங்ககூட உக்காருறேன்," என்றான் டஸ்டின், மைக்கை விட மறந்து.

"அது வேறயா?"

மார்வின் சிரித்தான்.

மைதானம் வரைக்கும் ஒற்றைச் சாலை. அறுவடைக் காலத்தில் பகல் முழுக்க அதில் லாரிகள் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்த வரிசையைத் தாண்டுவதற்கே பத்து நிமிஷம் போய்விடும் என்று ரோண்டா பயந்துகொண்டு வந்தாள். திருப்பத்தில் வளைந்தார்கள். சாலை காலியாக இருந்தது.

லாரிகள் போய்விடவில்லை. எல்லாம் ஒதுங்கி நின்றன. இந்தப் பக்கம் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க, அந்தப் பக்கம் ஒரு சக்கரம் வயலில் இறங்க, கண்ணுக்கெட்டியவரை விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றன. லாரிக்குள்ளும் ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள். டன் கணக்கில் பாரம் ஏற்றிய லாரியை அந்தச் சேற்றில் இறக்கினால் இழுத்து வெளியே எடுக்க அரை நாள் ஆகும். எல்லோரும் இறக்கியிருந்தார்கள். ஒருத்தனும் கையசைக்கவில்லை. ஹெம்டால்காரன் கையசைக்கமாட்டான்.

மார்வின் நடுச்சாலையில் பறந்தான்.

மைதானத்தின் வாசலில் இரண்டு வண்டிகளும் ஏறக்குறைய ஒன்றாக வந்து நின்றன. ரோண்டாவும் மார்வினும் படுக்கையை இறக்கி உருட்டிக்கொண்டு ஓடினார்கள். தீயணைப்பு வண்டியின் கதவு திறந்தது. அப்பா உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. தொப்பி நேராக இருந்தது. மடியில் பையைப் பிடித்திருந்தார்.

"வந்துட்டியா," என்றார்.

"வந்துட்டேன்பா."

மூன்று பேருமாக அவரைத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினார்கள். அவள் கோட்டைக் கத்தரித்தாள். 'நல்ல கோட்டு' என்று அவர் முனகினார். நெஞ்சில் மின்பட்டைகளை ஒட்டினாள். இரண்டாவது பட்டையின் ஓரத்தை அழுத்தித் தேய்க்கும்போது அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே கண் மேலே செருகியது. இயந்திரத் திரையில் கோடு புழு மாதிரி நெளிந்தது.

"நின்னுடுச்சு," என்றான் டஸ்டின்.

ரோண்டாவின் கை இயந்திரத்துக்குப் போய்விட்டிருந்தது, அவள் அனுப்பும் முன்பே. மின்னேற்றும் பொத்தானை அழுத்தினாள். டஸ்டின் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தான். இயந்திரம் ஊளையிட்டு ஏறியது.

"கையை எடு. எல்லாரும் விலகு."

அழுத்தினாள். அப்பாவின் உடம்பு ஒருமுறை துள்ளி விழுந்தது. தொப்பி சேற்றில் விழுந்தது. டஸ்டின் மறுபடி நெஞ்சில் கைவைத்தான். மைதானத்தில் பீட்ரூட் குவிக்கும் இயந்திரத்தை யாரோ நிறுத்தியிருந்தார்கள். ரோண்டாவுக்கு டஸ்டினின் மூச்சைத் தவிர எதுவும் கேட்கவில்லை. அவளுக்குப் பிரார்த்தனை எதுவும் ஞாபகம் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தான் சொன்னதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

ஆர்லன் ஹாகன் டஸ்டினின் கையைத் தட்டிவிட்டார். "போதும்டா," என்றார். "வலிக்குது."

"எத்தனை?" என்றாள் ரோண்டா. அழுதுகொண்டிருந்தாள்.

அவர் யோசித்தார். "நாலு."

ஏற்றினார்கள். டஸ்டினும் பின்னால் ஏறிக்கொண்டான். மார்வின் கதவைச் சாத்தியதும் அப்பா கண்ணைத் திறந்து டஸ்டினைப் பார்த்தார், பிறகு ரோண்டாவைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வந்துட்டீங்க. ஊரை யாரு பாத்துக்குறது?"

"யாரும் இல்ல," என்றாள் ரோண்டா. "இன்னிக்கு ஊர் பொறுத்துக்கட்டும்."

அதுவும் அவருக்குச் சரியாகப் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஃபார்கோவில் அவருக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். அடைப்பை நீக்கி, இரத்தக்குழாய்க்குள் ஒரு சுருளை வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பேச்சே இல்லை என்று மருத்துவர் ரோண்டாவிடம் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளுக்கு அது தெரிந்ததுதான். மார்வினும் டஸ்டினும் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியைவிட்டுக் கிளம்பின கையோடு மார்வின் ரேடியோவில் 'காலி' என்று சொன்னான்.

சாயங்காலம் அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் நிறம் வந்திருந்தது. ரோண்டா சேறு காய்ந்த சீருடையோடு பக்கத்து நாற்காலியில் இருந்தாள். சொல்லியாக வேண்டும். சொல்லாமல் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது. தாதி சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். கோப்பையும் தட்டும் உரசிச் சத்தம் போட்டன.

"அப்பா. நீங்க போன் பண்ணப்ப நான் ஆஸ்பத்திரியில இல்ல."

அவர் சூப்பின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"லாரி ஸ்டாப்ல இருந்தேன். பக்கத்துலதான். நான் பொய் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க அப்பவே கூப்பிட்டிருப்பீங்க."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ ஆஸ்பத்திரியில இல்லன்னு. தட்டுச் சத்தம் கேட்டுச்சு." மூடியைத் திருப்பி வைத்தார். "நாங்களும் அங்கதானே நிப்போம், ஊரு காதுல விழாம. அந்தக் குழம்பு அப்பவே நல்லா இருக்கும்."

ரோண்டா அவரையே பார்த்தாள். "தெரிஞ்சுமா வலியோட உக்காந்திருந்தீங்க? ஏன்பா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் ஜன்னலைப் பார்த்தார். இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ஹெம்டாலில் பதில் சொல்கிற வழக்கமில்லை. சொல்வதற்கு அவர் ரொம்பவும் சிரமப்பட்டார்.

"காலையிலேருந்து ஸ்கேனர்ல உன் குரலைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டு நடை. நடுவுல சாப்பிட எங்க நேரம் இருந்துச்சு உனக்கு? சொன்னா அப்படியே போட்டுட்டு ஓடிவருவ." கொஞ்சம் நிறுத்தினார். "சாப்பிட்டு முடிக்கட்டும்னு இருந்தேன்."

ரோண்டா குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அவர் கையை நீட்டப் பார்த்தார், ஊசியும் குழாயும் இழுத்தன. வேறென்ன செய்வதென்று தெரியாமல் மேஜையை அவள் பக்கம் தள்ளினார்.

"ஆப்பிள் பை வாங்கியிருக்கமாட்டியே நீ."

"மார்வின்தான் வாங்கினான்."

தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் புட்டிங் இருந்தது. அவர் அதை அவள் முன்னால் வைத்து, கரண்டியையும் எடுத்துக் கொடுத்தார்.

"சாப்பிடு," என்றார்.

அவள் வாங்கிச் சாப்பிட்டாள். கிண்ணம் காலியாகும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.